காத்திருக்கும் பணிகள் பதினொன்று

ஆகஸ்ட் 4, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெனிட்டா இன்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தினமும் எழுத வேண்டுமாம். இவர் வாயிலிருந்து என்ன சொல் வந்தது, எதற்காக வந்தது என்று இரண்டே கேள்வி. "அழகா எழுதணும்னு இல்லம்மா. உள்ளத எழுதுங்க, போதும்" என்றாள். உள்ளதை எழுத எனக்கு என்ன கஷ்டம். உலகம்மைக்கு வாய் நீளம் என்று பாளையங்கோட்டையில் தெரு முழுக்கப் பெயர். கையும் நீளம் என்று சொன்னால்தான் அர்த்தம் வேறாகிவிடும்.

சொன்ன சொல்: சும்மா.
எதற்கு: ஒன்றுக்கும் இல்லை.

ஜூலை 9-ஆம் தேதி இவருக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் திரும்பி வருகிறது. பேச்சு மொத்தமாகப் போய் இந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பசிக்கிறதா என்றால் சும்மா. பாத்ரூம் போகவேண்டுமா என்றால் சும்மா. முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து பள்ளிக்கூடத்தையே அதட்டிய மனிதர். இந்த நோயில் இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொள்வது உண்டு, அதில் அர்த்தம் தேட வேண்டாம் என்கிறாள் பெனிட்டா. ஆயிரம் சொல் இருக்க இது ஏன் மிஞ்சியது என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் அடுப்படியில் இருந்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"மொத மூணு மாசத்துல வர்றதுதான் வேகமா வரும்மா. அதுக்கப்புறம் ரொம்ப மெதுவாத்தான்" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு மாதம் இதோ ஓடிவிட்டது. தினமும் ஆறு படம், ஆறு சொல், பெரிய எழுத்தில் எனக்குப் போனில் அனுப்புவாள். அதைத் தாளில் எடுத்து இவருடைய இடது பக்கம் வைக்க வேண்டும். வலது பக்கம் பார்வையும் சரியில்லை. போனைக் காட்டினால் தட்டிவிடுகிறார். எங்கள் வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதில் விளக்கே எரியமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சொன்ன சொல்: சும்மா. பதினாறு தடவை.
எதற்கு: எல்லாவற்றுக்கும்.

இந்தக் கம்ப்யூட்டரில் ஊரார் காசு கொடுக்காமல் போட்டு வைத்திருப்பது கிடையாது. யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். "அடுத்தவன் பொருளத் திருடிப் போட்டுக்கிட்டு பிள்ளைகளுக்கு நீதி சொல்ல முடியுமா" என்று கேட்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே இவர் போட்டது. திரையில் எல்லாமே தமிழ். ஏதாவது ஆனால் இவரே உட்கார்ந்து சரி செய்வார். எனக்குத் தெரிந்தது போனை வயரில் சொருகி அதில் இருப்பதை இதில் திறப்பது, அவ்வளவுதான்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பிரிண்டர் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. தரை துடைக்கும் கட்டை பட்டிருக்கும். இந்த வீட்டில் தரை துடைப்பது யார், நான்தான். சொருகினேன். விளக்கு எரிந்தது. அப்பாடா என்று அச்சடிக்கக் கொடுத்தேன். தாள் அசையவில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'அச்சுப்பொறி இடைநிறுத்தப்பட்டுள்ளது. காத்திருக்கும் பணிகள்: 12.'

நான் அனுப்பியது ஒன்று. கட்டத்தை மூடிவிட்டு உலை வைக்கப் போனேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதன் முதுகில் ஒரு அறை வைத்தேன். பணிகள் 14 ஆகிவிட்டன.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜெராக்ஸ் கடைக்குப் போனால் என்ன என்று பெனிட்டா கேட்டாள். கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கி ஏறுவதற்குள் இவர் தனியாக எழுந்து விழுந்து வைத்தால்? இரண்டு நாள் கீழ் வீட்டுப் பெண் ஆபீசிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவள் முகத்தைப் பார்த்து நானே வேண்டாம் என்றுவிட்டேன். மகள் சுபத்ரா மஸ்கட்டில் ஏழு மாதக் கர்ப்பம். அவளிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது.

சரி, நானே வரைகிறேன் என்று மார்க்கரை எடுத்தேன். பசு வரைந்து அடியில் பசு என்று எழுதி இவர் முன்னால் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. அது சிரிப்புதான். படுத்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தார். பெனிட்டா வந்து, "இது என்ன நாயாம்மா?" என்றாள். கண்ணில் புரை விழுந்தவள் வரைந்தால் பசு நாயாகத்தான் இருக்கும். எனக்குச் சீரகமும் சோம்புமே ஒன்றாகத் தெரிகிறது. ஒரு நாள் ரசத்தில் சோம்பைப் பொடித்துப் போட்டுவிட்டேன். "இன்னைக்கு பிரியாணி ரசமா?" என்று இவர் ஒரு வாரம் கேலி செய்தார். "வாய் பேசாம, ஒவ்வொரு டப்பாவுலயும் நீங்களே எழுதி ஒட்டுங்க" என்று கத்தினேன்.

வாய் பேசாமல் என்று நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை.

சொன்ன சொல்: சும்மா.
எதற்கு: பசுவைப் பார்த்து.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜப்பார் அண்ணனுக்குப் போன் போட்டேன். இவரோடு வேலை பார்த்தவர், இந்த லினக்ஸ் பைத்தியத்தில் கூட்டாளி. தூத்துக்குடியில் முட்டி ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறார். வர முடியாது.

"மதினி, வயர் கழண்டு கெடந்தப்போ யாராச்சும் அச்சடிக்கக் குடுத்திருப்பாக. அது முடியாம பூட்டிக்கிட்டு நிக்கி. தொறந்து விடணும். அம்புட்டுதான்" என்றார்.

கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

"எனக்கு என்ன தெரியும் அண்ணே?"

"நானும் ஒருக்கா கேட்டிருக்கேன். பாஸ்வேர்டு என்ன வச்சிருக்கீரு வேய்னேன். சும்மான்னு சொல்லிட்டு சிரிச்சாரு. மனுசன் எங்கிட்டயே சொல்லல."

இவரைத்தான் கேட்டேன். நாற்காலியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, கம்ப்யூட்டரு பாஸ்வேர்டு என்ன?"

"சும்மா."

"அது தெரியும். பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு என்ன வச்சிருக்கிய?"

"சும்மா, சும்மா" என்று இடது கையைத் தொடையில் அடித்துக்கொண்டு சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, நானே அவரைக் கிளப்பிவிட்டு நானே கோபப்பட்டேன்.

சொன்ன சொல்: சும்மா.
எதற்கு: நான் நச்சரித்ததற்கு.

ஆகஸ்ட் 9, சனி

என் பெயர், சுபத்ரா பெயர், கல்யாணத் தேதி, இவர் அம்மா பெயர், நெல்லைநாயகம் என்ற இவர் பெயரையே முன்னும் பின்னுமாக. எல்லாம் இங்கிலீஷில் அடித்துப் பார்த்தேன். அந்தக் கறுப்புத் திரையில் நாம் அடிப்பது தெரியவும் தெரியாது. ஒரு புள்ளி கூட விழாது. விசைப்பலகை செத்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்று தடவை தப்பினால் போய்விட்டு வா என்று அனுப்பிவிடும்.

கடைசியாக, ஜப்பார் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, சும்மா என்பதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். ஒரு எம், இரண்டு எம், ஒரு ஏ, இரண்டு ஏ. அதுவும் இல்லை.

அந்தச் சொல்லை அடிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். நாற்காலியோடு மூன்று மாடி இறக்க இரண்டு பேரைப் பிடித்தேன். புது டாக்டர், சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார். பழைய சீட்டைப் புரட்டி, "கடைசியா நல்லா இருந்தது காலைல எட்டரைன்னு போட்டிருக்கு. இங்க வந்தது ரெண்டேகால். நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா அடைப்பக் கரைக்க ஊசி போட்டுப் பாத்திருப்பாங்க. நேரம் தாண்டிட்டதால போடல. அது உங்க தப்பு இல்லம்மா" என்றார்.

என் தப்பு இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். எழுதி வைக்கிறேன்.

எட்டரைக்கு இட்லி வைக்கும்போது பார்த்தேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றார்கள், எட்டரை என்றேன். பார்த்ததைத்தானே கேட்டார்கள். நடுவில் ஒரு தடவை இவர் குரல் கேட்டது உண்டு. அது ஒன்பது மணி இருக்கும். ஒன்பது என்றாலும் நேரம் தாண்டித்தான் இருக்கும். குரல் கேட்பது பார்த்ததில் சேராது.

சாயங்காலம் ஜப்பார் அண்ணன் கூப்பிட்டார். "காத்துக் கெடக்குற பணி எல்லாம் என்னன்னு ஒரு பட்டியல் வரும் மதினி. அதுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம். அதையாவது பாருங்களேன்." எழுத்துகளைச் சொன்னார். நோட்டில் எழுதி வைத்தேன். அடித்துப் பார்க்கவில்லை. ஊறப்போட்ட துணி கிடந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொன்ன சொல்: சும்மா.
எதற்கு: கேட்காதே பெனிட்டா.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

காலையில் பெனிட்டா அனுப்பிய ஆறு படமும் போனில் கிடந்தன. இவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினேன். "உங்க சாமான், நீங்களே பாருங்க" என்றேன். கறுப்புத் திரையில் ஜப்பார் அண்ணன் சொன்ன எழுத்துகளை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

"இந்தா கேக்குது. என்னன்னு சொல்லுங்க."

"சும்மா."

"சும்மா சும்மான்னா நான் என்னத்த அடிக்க? அடிச்சுப் பாத்துட்டேன், இல்லங்குது."

இடது கையை நீட்டி என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். நல்ல பிடி. விரலைக் கொண்டுபோய் ஒரு விசையில் வைத்தார். அந்த விசையில் இங்கிலீஷில் ஒரு அடைப்புக்குறி. அதன் மேல் நகத்தளவு தாள் ஒட்டி, அதில் ஒரு 'ச'.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று, எல்லா விசையிலும் தமிழ் எழுத்தை அச்சடித்து இவர் ஒட்டியது அது. இந்த விசை வரிசைக்குத் தமிழ்99 என்பார். நான்கு நாள் படித்தேன், விட்டுவிட்டேன். ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. நான் எப்போதும் அதற்குக் கீழே இருக்கும் இங்கிலீஷைத்தான் பார்ப்பேன். விசைப்பலகையை இங்கிலீஷில் வைத்துக்கொண்டே, விரல் மட்டும் தமிழில் போயிருக்கிறது இவருக்கு.

புரிந்துவிட்டது. புரிந்தால் எனக்கு அடுத்தவர் கை வேண்டாம். வெடுக்கென்று விரலை உருவிக்கொண்டு நானே அடித்தேன். ச, உ, ம, புள்ளி, ம, ஆ. தப்பு என்றது. இன்னொரு தடவை நிதானமாக அடித்தேன். ச, உ, ம. புள்ளிக்குப் போன விரலில் சுளீர் என்று ஒரு அடி விழுந்தது. வாத்தியார் அடி. திரும்பிப் பார்த்தால் முறைக்கிறார். விரலைப் பிடித்து மறுபடி 'ம'விலேயே வைத்தார்.

ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் தமிழ்99-ல் புள்ளி தானாக விழும். அந்த நான்கு நாளும் இதற்காகத்தான் அடி வாங்கினேன். "மம்மன்னு அடிட்டி, புள்ளிய அது பாத்துக்கிடும்." ச, உ, ம, ம, ஆ.

பிரிண்டர் உள்ளே கடகடவென்று சத்தம் போட்டது.

எட்டாம் தேதி கேட்டேன், சும்மா என்று பதில் சொல்லியிருக்கிறார். தெளிவான பதில். நான் நோட்டில் 'நச்சரித்ததற்கு' என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டில் இன்னும் எத்தனை சும்மாவுக்கு நான் ஒன்றுக்கும் இல்லை என்று எழுதி வைத்தேனோ தெரியவில்லை. இவர் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார், நான் எண்ணிக்கை போட்டிருக்கிறேன்.

முதல் தாள் வந்தது. பசு இல்லை, படம் எதுவும் இல்லை. பெரிய பெரிய எழுத்தில், வெட்டுவதற்குச் சுற்றிலும் கோடு போட்டு, எட்டுச் சொல்: சீரகம், சோம்பு, கடுகு, வெந்தயம், மிளகு, உளுந்து, துவரை, பெருங்காயம். இரண்டாவது தாளும் அதுவே. மூன்றாவதும் அதுவே.

ஜப்பார் அண்ணனைக் கூப்பிட்டேன். "ஒரே தாளே வந்துக்கிட்டு இருக்கு அண்ணே."

"பழசுதான் மொதல்ல வரும் மதினி. பட்டியலப் போட்டு, வேண்டாததை அழிச்சிருங்க. தாளு வீணாப் போவும்லா?"

நோட்டில் பதினோராம் தேதிப் பக்கத்தைப் புரட்டி அந்த எழுத்துகளை அடித்தேன். வரிசையாக வந்தது. ஒவ்வொரு வரிக்கும் தேதியும் மணியும் போட்டிருந்தது. முதல் மூன்றும் அச்சாகிப் போயிருந்தன. நான் அனுப்பிய மூன்றும் அடியில் கிடந்தன. மிச்சம் எட்டு, எல்லாம் ஜூலை 9, புதன். 10:46. 10:47. 10:53. அப்புறம் 11:10, 11:12. ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு, 11:24. கடைசி 11:31.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு இவர் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். அதுவரைக்கும் கை வேலை செய்திருக்கிறது.

"மதினி, அழிச்சாச்சா?" என்றார் ஜப்பார் அண்ணன். போனை வைத்துவிட்டேன்.

பதினொன்று முப்பத்தொன்றிலிருந்து இரண்டேகால் வரைக்கும் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினேன். மூன்று மணி நேரம் கூட ஆகவில்லை. கணக்கு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து நான்காவது தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றும் வந்து முடிந்தன. அப்புறம் பெனிட்டாவின் பசு வந்தது. நல்ல பசு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பெனிட்டா வரமாட்டாள். இந்தப் பக்கத்தை அவள் படிக்கும்போது படிக்கட்டும். உள்ளதை எழுதச் சொன்னவள் அவள்தான்.

அன்றைக்கு இவர் கூப்பிட்டது ஒன்பது மணிக்கு இல்லை. குக்கரை இறக்கிவிட்டு நான் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். அது பதினொன்றுக்கு மேல்தான். எனக்கு அன்றைக்கே தெரியும். "உலகு, இங்க கொஞ்சம் வாட்டி" என்று தெளிவாகக் கூப்பிட்டார். ஒரு எழுத்துக் கூடக் குழறவில்லை. பிரிண்டருக்காகவா, கை மரத்ததற்காகவா, எதற்காகக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். மிக்ஸியை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னேன். பன்னிரண்டு ஐம்பதுக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனபோது நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

பதினொன்றுக்கு மேலே பேசினார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், பேசினாரே, நீ போய்ப் பார்த்தாயா என்று கேட்பார்கள் என்று பயந்தேன். அதற்காக எட்டரை என்றேன். அந்த நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் சும்மாவா கேட்பார்கள் என்று யோசிக்கவில்லை.

சாப்பாடு கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, இவருடைய இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் அந்தப் பதினொரு தாளும் வைத்திருந்தார். காலையிலிருந்து கீழே வைக்கவில்லை.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீங்க என்னைக் கூப்பிட்டிய. எனக்குக் கேட்டுது. நான் வரல. பதினோரு மணிக்கு மேல இருக்கும். ஆஸ்பத்திரில எட்டரைன்னு சொல்லிட்டேன். அதனாலதான் ஊசி போடல. போட்டிருந்தா பேச்சு இருந்திருக்குமோ என்னவோ. எனக்குத் தெரியாது. ஆனா நான்தான் போடவிடல."

மடியில் இருந்த தாளின் ஓரத்தைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க கூப்பிட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? சும்மா கெடங்கன்னு சொன்னேன்."

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. இடது கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். கனமாக இருந்தது. வைத்தாரா, விழுந்ததா என்று கூட எனக்குத் தெரியவில்லை.

"சும்மா" என்றார்.

நோட்டை எடுத்து இதோ எழுதுகிறேன்.

சொன்ன சொல்: சும்மா.
எதற்கு: நான் சொன்னதற்கு.